பேராலய நகரில் கடைவளாகம்: வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்

கேள்வி: இங்கிலாந்தின் எக்ஸிட்டரில், போருக்குப் பின் கட்டிய பிரின்சஸ்ஹே கடைவீதியை அறுபது வருஷம்கூட ஆகாமல் ஏன் இடித்தார்கள்? (வாசகர், திருச்சி)

பதில்: 1942 மே 4 அதிகாலை ஜெர்மன் குண்டுவீச்சில் எக்ஸிட்டரின் நடுப்பகுதி எரிந்துபோனது. அந்த இடத்தில் நகரத் திட்ட வல்லுநர் தாமஸ் ஷார்ப்பின் யோசனைப்படி, வண்டிகள் நுழையாத, நின்று பார்த்தால் பேராலயக் கோபுரங்கள் தெரிகிற தெருவாக பிரின்சஸ்ஹே உருவானது. 1950களின் சின்னக் கடைகள் பிற்காலப் பெரிய கடைகளுக்குப் போதவில்லை. 2005இல் இடிக்கத் தொடங்கி, 2007 செப்டம்பரில் புதிய வளாகத்தைத் திறந்தார்கள்.

மேலே கூரை போட்டு மூடாமல் திறந்த தெருக்களாகவே விட்டார்கள், கோபுரக் காட்சியையும் காப்பாற்றினார்கள். இது மிகச் சரியான முடிவு. கட்டடங்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடாதபடி மூன்று கட்டடக்கலை நிறுவனங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். குண்டில் சிதைந்த, ஏழைகள் தங்குவதற்கான செயின்ட் கேத்தரின் அறவில்லத்தின் சுவர்கள் கூரையில்லாமல் அப்படியே நிற்கின்றன. நடுவே கண்ணாடிக்குள் அங்கே தோண்டி எடுத்த பொருட்கள் இருக்கின்றன.

கேள்வி: இப்படிப்பட்ட ஊரில் அஸ்திவாரம் போடுவதில் என்ன சிக்கல்? (வாசகர், கோவை)

பதில்: சிக்கலே அங்கேதான். யார்க் நகரின் காப்பர்கேட்டில், கடைவளாகம் கட்டுமுன் 1976 முதல் 1981 வரை தோண்டினார்கள். சில இடங்களில் பழைய மண்ணடுக்கு 9 மீட்டர் ஆழம் வரை போனது. ஈரத்தில் ஊறி, காற்றே புகாத மண் அது. அதனால்தான் ஆயிரம் வருஷம் கழித்தும் வைக்கிங் காலத்து மரச்சுவர், தோல் செருப்பு, ஒற்றை ஊசியால் பின்னிய ஒரு கம்பளிக் காலுறைகூடக் கெடாமல் கிடைத்தன.

இந்த மண்ணில் பள்ளம் வெட்டித் தண்ணீரை இறைத்தால் நீர்மட்டம் இறங்கும், காற்று உள்ளே போகும், மரமும் தோலும் மக்கும். மண் சுருங்கினால் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரும் விரிசல் விடும். ஆகவே பேஸ்மென்ட் வேண்டாம், பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) போடுங்கள் என்கிறோம். அதற்கும் அளவு உண்டு. அஸ்திவாரத்தால் பழைய அடுக்கில் 5 சதவீதத்துக்கு மேல் அழியக்கூடாது என்பது யார்க்கில் 1990களிலிருந்து வழக்கத்தில் உள்ள வரையறை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 சதுர மீட்டர் மனையில் 5 சதவீதம் என்றால் 250 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைல் ஒன்றுக்கு 0.28 சதுர மீட்டர் போகும். 880 பைல் தாங்கும் என்று தோன்றும். ஆனால் பைல் கேப் (பைல்களின் தலைகளைச் சேர்த்துப் பிணைக்கும் கான்கிரீட் கட்டை), லிஃப்ட் குழி, கழிவுநீர்க் குழாய்ப் பள்ளம் மூன்றும் சேர்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். வரைபடம் முடிந்தபிறகு இதைக் கண்டுபிடிப்பதுதான் வழக்கமான தவறு. தரைமட்டத்தை உயர்த்தி, பைல் கேப்பும் பீமும் பழைய அடுக்குக்கு மேலேயே முடியும்படி முதலிலேயே வடிவமைக்க வேண்டும். அடித்து இறக்கும் பைல் மண்ணடுக்குகளைக் கீழே இழுத்துக் கலைத்துவிடும். துளையிட்டு வார்ப்பது மேல், ஆனால் வெற்றிடம் இருந்தால் கான்கிரீட் பக்கவாட்டில் கசியும்.

கேள்வி: அகழாய்வுக்கு எவ்வளவு காலம் ஒதுக்க வேண்டும்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டப்படி கேன்டர்பரி, செஸ்டர், எக்ஸிட்டர், ஹெரிஃபோர்ட், யார்க் ஆகிய ஐந்தும் தொல்லியல் முக்கியத்துவப் பகுதி கொண்ட நகரங்கள். ஐந்துமே பேராலய நகரங்கள்! அப்பகுதிகளில் மண்ணைக் கிளறுமுன் ஆறு வாரம் முன்னதாக அறிவிப்புத் தரவேண்டும். அதன்பின் அதிகாரிகள் நான்கு மாதம் இரண்டு வாரம் வரை தோண்டலாம். இப்போதோ பெரும்பாலும் கட்டட அனுமதியின் நிபந்தனையாகவே அகழாய்வு வருகிறது, செலவும் கட்டுபவருடையதே. பழைய வரைபடங்களையும் குண்டு விழுந்த இடங்களின் பதிவையும் முதலில் பாருங்கள். பிறகு சோதனைக் குழிகள். நீர்மட்டத்தை மட்டும் ஒரு முழு வருஷம் அளந்தால்தான் நம்பலாம், கோடையில் ஒருமுறை பார்த்தது போதாது.

கேள்வி: இத்தனையும் செய்தும் அனுமதி மறுத்தது உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: உண்டு. யார்க்கில் பழைய கோட்டையின் கிளிஃபோர்ட் கோபுரத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் போட்ட கடைவளாகத் திட்டம், பொது விசாரணைக்குப் பின் 2003இல் மறுக்கப்பட்டது.