இலங்கை ஊடகங்களில் மலையகப் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள்?

முகம் இருக்கும், பேர் இருக்காது. நான் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள். அம்மா இருபத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தார். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் வரும் பெண்ணை எல்லாருக்கும் தெரியும். பளிச்சென்ற சேலை, பொட்டு, முதுகில் புதுக்கூடை, சிரிப்பு. அம்மா மலைக்குப் போகும்போது இடுப்பில் படங்கு என்ற முரட்டுத்துணி இறுகக் கட்டியிருக்கும், மழைக்குத் தலையில் பொலித்தீன். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வார். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் ஞாயிற்றுக்கிழமையும் கறுப்பாகவே இருக்கும். அந்த விரல்களை எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை.

ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்டுப் போராடிய காலத்தில் ஒரு தொலைக்காட்சியிலிருந்து வந்தார்கள். பெண்கள் கொழுந்து நிறுப்பதை இரண்டு தடவை எடுத்தார்கள். மைக் போனது தோட்டத் தலைவரிடம். "எங்ககிட்ட ஒன்னும் கேக்கலயா தம்பி?" என்று அம்மா கேட்டார். "நீங்க நிறுத்துக்கிட்டே இருங்கம்மா, அது போதும்" என்றார் அந்தப் பையன். எத்தனை கிலோவுக்கு எவ்வளவு, எதில் எவ்வளவு வெட்டு என்று அம்மாவுக்கு விரல் நுனியில் கணக்கு இருந்தது. இரவு லயமே கூடி உட்கார்ந்து பார்த்தோம். அம்மாவின் கை மூன்று விநாடி வந்தது. கீழே 'தோட்டத் தொழிலாளர்கள்' என்று போட்டிருந்தார்கள்.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தையே 'பேர்' என்றுதான் சொல்வோம். குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். செய்தியில் அம்மாவுக்கு அந்த அரைப்பேர்கூட விழவில்லை.

இது எங்கள் மலையின் குறை மட்டுமல்ல. உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செய்திகளை எண்ணிப் பார்க்கிறது. செய்தியில் வந்தவர்களில் பெண்கள் 1995 இல் 17 சதவீதம், 2020 இல் 25 சதவீதம். ஆனால் எங்களுக்கு இன்னொன்றும் உண்டு: அழும்போது மட்டும் கமரா கிட்டே வரும். 2014 இல் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு என்றால் இன்றைக்கும் என் கண்ணில் நிற்பது தலையில் அடித்துக்கொண்டு அழுத பெண்கள்தான். அவர்களில் ஒருவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

பேசத் தெரியாதவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மீனாட்சி அம்மாள் நடேசய்யர் தொழிலாளர் கூட்டங்களில் பாடி, 1940 இல் அந்தப் பாட்டுகளைப் புத்தகமாகவே போட்டவர். நான் பள்ளிக்கூடம் முடித்து வெகுகாலம் கழித்துத்தான் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அது எனக்கு இன்றும் கோபம்தான்.

2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல் பாராளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அங்கே போனது அதுதான் முதல் முறை. அன்றைக்குச் செய்தியில் படத்துக்குக் கீழே பேர் வந்தது. அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு பேரையும் எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசித்தார்.