உப்பளத்துல வேலை பாக்குற அம்மாவுக்கு கிரியாட்டினின் 2.4, டயாலிசிஸ் பண்ணணுமா?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 48 வயசு, தூத்துக்குடி பக்கம் உப்பளத்துல வேலை. பிரஷர் இருக்கு, சுகர் இல்ல. உடம்பு வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடுவாங்க. இப்போ கிரியாட்டினின் 2.4. வலி எதுவும் இல்லன்னு வேலைக்குப் போறாங்க. நாட்டு மருந்துல சரியாயிடும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. டயாலிசிஸ் தேவைப்படுமா?

பதில்: கிரியாட்டினின்ங்கிறது கிட்னி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு, கிட்னி கெட்டா ரத்தத்துல அது ஏறும். இந்த அளவுக்கு பொதுவா உடனே டயாலிசிஸ் தேவைப்படாதும்மா, ஆனா கிட்னி ஏறக்குறைய கால்வாசிதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், அதனால தள்ளிப்போடவே கூடாது. வலி இல்லங்கிறத நம்பாதீங்க, கிட்னி கெட்டுப்போறது ரொம்ப நாள் வெளிய தெரியாது.

முதல்ல அந்த மாத்திரை. சீட்டு இல்லாம பேப்பர்ல மடிச்சு குடுக்குற செட்டுல பெரும்பாலும் டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை ஒண்ணு இருக்கும். வெயில்ல வேர்த்து உடம்புல தண்ணி குறைஞ்சு கிடக்கும்போது அதைப் போட்டா கிட்னிக்குப் போற ரத்தம் இன்னும் குறையும், இது வருஷக்கணக்கா நடந்தா என்ன ஆகும்? இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, வலி தாங்கலன்னா பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொல்ற அளவுல. நாட்டு மருந்தும் வேண்டாம், சிலதுல பாதரசம், ஈயம் இருக்கு, இருக்குற கிட்னியும் போயிடும்.

ஒதுங்க இடமில்லன்னு உப்பளத்துப் பொம்பளைங்க காலைல இருந்தே தண்ணி குடிக்காம இருக்காங்க. அம்மாவைத் திட்டாதீங்க, கக்கூசும் நிழலும் செஞ்சு குடுக்க வேண்டியது முதலாளி, அதை நான் எங்க வேணா சொல்லுவேன். கால் வீக்கம் இல்லன்னா தாகம் எடுக்க விடாம தண்ணி குடிக்கட்டும், வீக்கம் இருந்தா அளவு டாக்டர்கிட்ட கேளுங்க. இளநீர் நல்லதுன்னு குடுத்துடாதீங்க, அதுல பொட்டாசியம் இருக்கு, ரத்தத்துல அது ஏறினா இதயத்துக்கே ஆபத்து.

இந்த வாரமே தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, ஒரு நாள் கூலி போனாலும் பரவால்ல. கிரியாட்டினின் மறுபடி, பொட்டாசியம், ஹீமோகுளோபின், யூரின்ல ஆல்புமின்ங்கிற புரதம், வயித்து ஸ்கேன் கேட்டு எடுங்க. பிரஷர் 130/80க்குள்ள இருக்கணும், பிரஷர் மாத்திரைய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே கொண்டுவந்து குடுப்பாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்து வெச்சுக்கங்க, பின்னால டயாலிசிஸ் வந்தாலும் அதுல பண்ணிக்கலாம். இடது கை நரம்புல ட்ரிப்ஸ் போட விடாதீங்க, டயாலிசிஸ்க்கு அந்த நரம்பு வேண்டியிருக்கும்.

மூச்சு வாங்கினா, யூரின் குறைஞ்சா, விடாம வாந்தி வந்தா ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. ரிப்போர்ட் வந்ததும் ஆல்புமின் எவ்வளவுன்னு எழுதுங்கம்மா.