தேய்ந்துபோன டேப்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் 'போஹீமியன் ராப்சடி' பாட்டைப் பற்றி நண்பரோடு விவாதம். "ரேடியோவில் திரும்பத் திரும்பப் போட்டார்கள், வீடியோ எடுத்தார்கள், ஓடிற்று. எல்லாம் விளம்பரம்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, பதிலும் சொல்ல வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., திருச்சி

அன்புள்ள க.,

நண்பர் சொன்ன இரண்டும் நடந்தவைதான். ஆனால் அவர் கதையைப் பாதியில் தொடங்குகிறார்.

1975 ஆகஸ்டில் வேல்ஸின் ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு தொடங்கியது. நடுவில், மேலைநாட்டு இசை நாடகமான ஆபராவின் பாணியில் வரும் பகுதிக்கே ஏறக்குறைய மூன்று வாரம். பெரிய கோஷ்டி பாடுவதுபோல் கேட்கும். பாடியவர்கள் குழுவின் மூன்றே பேர்: ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர். அந்த உச்சக் குரல் டெய்லருடையது. டேப்பில் இருந்ததோ 24 டிராக், அதாவது தனித்தனியாகப் பதிய 24 தடங்கள். அவை நிரம்பியதும் எல்லாவற்றையும் கலந்து ஓரிரு டிராக்கில் அடக்கிவிட்டு, காலியான இடத்தில் மறுபடி பாடினார்கள். அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் 'கலிலியோ' என்ற சொல்லை மெர்க்குரி கூட்டிக்கொண்டே போனார். ஓடி ஓடி டேப்பின் பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம். அந்த டேப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பாட்டு 5 நிமிடம் 55 வினாடி. தனிப் பாட்டாக வெளியிடும் சிங்கிள் ரெக்கார்டுக்கு இது நீளம் என்றது ரெக்கார்டு கம்பெனி இஎம்ஐ. குழு வெட்ட மறுத்தது. லண்டன் கேப்பிட்டல் ரேடியோவின் அறிவிப்பாளர் கென்னி எவரெட் கைக்கு ஒரு பிரதி போனது. வார இறுதிக்குள் 14 முறை போட்டுவிட்டார். யாரும் அவரை அப்படிப் போடச் சொல்லவில்லை. பாட்டு பிடித்துப்போனது, போட்டார். அக்டோபர் 31 அன்று ரெக்கார்டு வெளிவந்தது.

வீடியோ விஷயம் எனக்கு இன்னும் முக்கியம். இத்தனை அடுக்குக் குரல்களை குழுவின் நான்கு பேர் டிவி மேடையில் நின்று எப்படிப் பாடுவது? கச்சேரிப் பயணமும் நெருங்கிவிட்டது. அதனால் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் இயக்குநர் புரூஸ் கவர்ஸ் சுமார் நான்கு மணி நேரத்தில் படமெடுத்தார். பின்னாளில் கச்சேரிகளிலும் ஆபரா வந்தால் மேடையைவிட்டு இறங்கி டேப்பைத்தான் ஓடவிட்டார்கள். பாட்டு உருவான விதமே அந்த வீடியோவைக் கேட்டு வாங்கியது. அதை வெறும் விளம்பரம் என்று என்னால் ஒதுக்க முடியாது.

பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடம். 1991 நவம்பரில் மெர்க்குரி இறந்தார். அடுத்த மாதம் மறுபடி வெளியிட்டபோது இன்னொரு ஐந்து வாரம்.

நண்பரிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்து ஆபரா பகுதியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். 'கலிலியோ' இந்தக் காதிலும் அந்தக் காதிலும் மாறி மாறி ஒலிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.