வைனையும் ஆத்தத்தான் வேணுமா?

அன்பின் அண்ணனுக்கு,

லண்டனில் இருந்து வந்த அத்தான் ஒரு மின்சார வைன் எயரேட்டரை, அதாவது வைனில் காற்றுக் கலக்கிற மெஷினை, தந்துவிட்டுப் போனார். போத்தல் வாயில் பொருத்தி பட்டனை அமத்தினால் வைன் தானாக ஏறி வந்து கிளாசில் விழுகிறது. அவர் கொண்டுவந்த சிவப்பு வைனிலேயே பாவித்துப் பார்த்தேன். கிளாசில் நுரை வந்ததுதான் மிச்சம். ருசி பழையபடி சுள்ளென்றுதான் இருந்தது. என் நாக்குப் பிழையா, மெஷின் பிழையா? பெட்டியில் 'தலையிடி வராது' என்றும் போட்டிருக்கிறது, உண்மையா? அரைப் போத்தல் மிச்சம் இருக்கிறது. மெஷினைப் பூட்டியபடியே வைக்கலாமா? பெயர் போட வேண்டாம், அம்மாவும் உங்கள் தளத்தை வாசிக்கிறவர்.

ஒரு வாசகர், ஆரையம்பதி


அன்புத் தம்பி,

நாக்கிலும் பிழையில்லை, மெஷினிலும் பிழையில்லை. போத்தல் எங்கே இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. குசினி அலுமாரியில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கேதான் பிழை.

முதலில் மெஷினைப் பார்ப்போம். உள்ளே இருப்பது ஒரு சின்னக் காற்றுப் பம்ப். அது போத்தலுக்குள் காற்றைத் தள்ள, அந்த அமுக்கத்தில் வைன் குழாய் வழியே மேலேறி, போகிற வழியில் காற்றோடு கலந்து வெளியே வருகிறது. பஸ் ஸ்டாண்ட் தேத்தண்ணிக் கடையில் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி மற்றக் கையை இடுப்புக்குக் கீழே இறக்கி ஆத்துகிறார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. தேத்தண்ணியை ஆறுவதற்காக ஆத்துகிறோம், வைனை மணத்துக்காக ஆத்துகிறோம், அவ்வளவுதான். நுரை அந்தக் காற்றுத்தான். ஒரு நிமிடம் விட்டால் அடங்கிவிடும்.

ஆத்தினால் மாறுவது முக்கியமாக மணம். சில வைன்களைத் திறந்தவுடன் தீக்குச்சி உரசின மணமோ, லேசான கூழ்முட்டை மணமோ வரும். கந்தகச் சேர்மங்களின் வேலை அது. திருகு மூடி போட்ட போத்தல்களில் இதைச் சில வேளை கூடுதலாகக் காணலாம். காற்றுப் பட்டால் அதில் ஒரு பகுதி பறந்துவிடும், அடியில் இருக்கும் பழ மணம் மேலே வரும். துவர்ப்பு வேறு விஷயம். நாவற்பழம் தின்றால் நாக்கை இழுக்குமே, அந்த இழுவை. அது பத்து செக்கனில் கரைந்து போகாது. 'உடனே மிருதுவாகும்' என்று விற்பவர்கள் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன்.

இனி உங்கள் 'சுள்'. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை தம்பி, ஆரையம்பதி அறை இல்லை. சிவப்பு வைனுக்கு 15 முதல் 18 பாகை செல்சியஸ் நல்லது. நம் வீடுகளில் பகலில் 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் மதுசாரம் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். அதற்கு மேலே காற்றையும் அடித்தால் இன்னும் ஏறும். போத்தலை ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். அவசரமென்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து கழுத்துவரை இறக்கி வைத்தால் இருபது நிமிடம் போதும்.

நானும் உங்களைப் போலத்தான் ஏமாந்தேன். போன மார்கழி மழையில், கூட்டாளி ஒருவர் இதேபோல ஒரு மெஷினோடு கல்லடி வீட்டுக்கு வந்தார். முதல் போத்தலை அலுமாரியில் இருந்து எடுத்தபடியே திறந்தோம். இரண்டு பேரும் முகம் சுளித்தோம். அடுத்த கிழமை அதே வைனைக் குளிரவைத்து மூன்று கிளாஸ் எடுத்தோம். ஒன்றில் போத்தலில் இருந்து நேரே ஊற்றியது. ஒன்றில் மெஷின் ஊற்றியது. மூன்றாவது, இரண்டு ஜக்குகளுக்கிடையே ஆறு தரம் மாற்றி ஊற்றியது. மனைவி கிளாசுகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, எது எதுவென்று சொல்லாமல் இருந்தா. நேரே ஊற்றியதை இருவருமே மணத்தில் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. கூட்டாளி 'இதுதான் மெஷின்' என்று அடித்துச் சொன்னது ஜக்கு. அன்றைக்கு மெஷினைக் கழுவுகிற வேலையும் அவருக்குத்தான் விழுந்தது.

ஆகவே மெஷின் பொய்யில்லை, அவசியமும் இல்லை. இளம் வைன், தடித்த துவர்ப்புள்ள சிவப்பு, கபெர்னே சோவினியோன், ஷிராஸ் என்ற திராட்சை வகைகளில் செய்தது மாதிரி, அதற்குப் பாவியுங்கள். வெள்ளை வைனுக்குப் பெரும்பாலும் வேண்டாம். பல வருடம் பழையதென்றால் தொடவே வேண்டாம், இருக்கிற மெல்லிய மணமும் போய்விடும், அடியில் படிந்த வண்டலும் குழாய்க்குள் ஏறும். நுரைக்கிற வைனில் பூட்டினால் மேசைத் துணியைத்தான் தோய்க்க வேண்டி வரும். இன்னொன்று, நம்மூர் நண்டுக்கறி உறைப்போடு இந்தத் துவர்ப்பு வைனைக் குடிக்காதீர்கள். மதுசாரம் உறைப்பின் எரிவைக் கூட்டும். அதை எந்த மெஷினும் ஆத்தாது.

தலையிடி விஷயம் விளம்பரம்தான். வைன் கெடாமல் இருக்கப் போடுகிற சல்பைட்டுத்தான் தலையிடிக்குக் காரணம் என்று சிலர் சொல்வார்கள், ஆத்துவதால் அது சொல்லும்படியாகக் குறையாது. மதுசாரமும் போத்தலில் போட்டிருக்கிற 13, 14 வீதம் அப்படியேதான் இருக்கும். தலையிடி வராமல் இருக்க வேண்டுமானால் குறைவாகக் குடித்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

மிச்ச அரைப் போத்தலில் மெஷினைப் பூட்டி வைக்க வேண்டாம். குடிக்கும்போது வேண்டியிருந்த காற்று, வைத்திருக்கும்போது எதிரி. காலையில் இறக்கிய கள்ளு பின்னேரம் எப்படிப் புளிக்கிறது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைன் அவ்வளவு அவசரப்படாது, ஆனால் காற்றுப்பட்ட மதுவை வினாகிரியாக்கும் பக்டீரியா இதையும் விடாது. சின்னப் போத்தலில் வாய்வரை நிரப்பி, இறுக மூடி, பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். (கள்ளைப் பற்றி எழுதினால் மண்வாசனை என்கிறார்கள், வைன் என்று எழுதினால் வெள்ளைக்காரத்தனம் என்று கடிதம் வருகிறது. இதற்கும் வரும்.)

கழுவுவது பெரிய வேலையில்லை, ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டும். ஒரு வெறும் போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி, மெஷினைப் பூட்டி, தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். பிறகு தண்ணீரை எடுத்துவிட்டு, குழாயில் ஈரம் போகும்வரை வெறுமனே ஓடவிடுங்கள். சவர்க்காரம் உள்ளே போனால் அடுத்த தரம் வைனில் மணக்கும். மோட்டார் இருக்கிற தலைப்பகுதியைத் தண்ணீரில் முக்காதீர்கள். வைன் சொட்டிச் சொட்டி வந்தால், வாயில் இருக்கிற ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை, அல்லது தக்கைத் தூள் அடைத்திருக்கிறது. சார்ஜ் போடும் துளையைத் துடைத்து, காற்றுப் போகாத டப்பாவில் வையுங்கள். கடலோரத்து உப்புக் காற்று வானொலிப் பெட்டியையே தின்றுவிடும், இது எம்மாத்திரம்.

டப்பாவை எங்கே ஒளிப்பது என்பது உங்கள் பாடு. அம்மா இதை வாசித்துவிட்டார் என்றால், ஆரையம்பதியில் லண்டன் அத்தான் உள்ள வீடுகள் நிறைய இருக்கின்றன என்று சொல்லுங்கள்.