நான்கு வயது மகன் 'காக்கா'வைத் 'தாத்தா' என்கிறான். சிரிப்புப் படக்கதைகள் பேச்சுப் பயிற்சிக்கு உதவுமா?

உதவும். ஆனால் புத்தகத்தை வாசித்துக் காட்டாதீர்கள், பேசிக் காட்டுங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப் படக்கதை கிடைப்பதில்லை என்கிறீர்கள். மலாய்ப் புத்தகமே போதும். எழுத்தை விட்டுவிட்டுப் படத்துக்குத் தமிழில் கதை சொல்லுங்கள்.

காகம் ஒன்று தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ரப்பர் மரத்தில் உட்கார்ந்திருக்கும் படம் என்று வையுங்கள். "ஐயோ, காக்கா தலையில் என்ன?" என்று கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலான பெற்றோர் இங்கேதான் பொறுமையிழந்து பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அவன் "தாத்தா தொப்பி" என்றால் "சரியாகச் சொல்" என்று அதட்ட வேண்டாம். "ஆமாம், காக்கா! காக்காவுக்குத் தொப்பி!" என்று 'கா'வை அழுத்திச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். நிஜத் தாத்தா பக்கத்தில் இருந்தால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. அந்தச் சிரிப்பு படத்தைப் பார்த்து வரட்டும், பையனைப் பார்த்து அல்ல.

இப்படிக் கேள்வி கேட்டுப் பதிலை நீட்டிச் சொல்வது குழந்தைகளின் பேச்சை வளர்ப்பதாக 1988இல் வைட்ஹர்ஸ்ட் குழுவினரின் அமெரிக்க ஆய்வு காட்டியது. அது சொல்வளத்துக்கு. 'க' ஒலிக்கு நாக்கின் பின்பகுதி மேலெழ வேண்டும். அதைப் பழக்குவதற்குப் பேச்சு சிகிச்சையாளர் தேவைப்படலாம். அரசு கிளினிக்கில் காட்டி, செவித்திறன் சோதனைக்கும் சேர்த்துப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். 'ர', 'ழ' குழறினால் இந்த வயதில் கவலை வேண்டாம்.

பாலர் பள்ளியில் மலாய் பேசுகிறான் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறை வருவதில்லை.