கரையாத நூல் கடைசிவரை உள்ளேயே இருக்குமா?

கேள்வி: அம்மாவுக்குப் பத்து மாதங்களுக்கு முன் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. ரத்தக்குழாய்களை ‘சில்க்’ நூலால் கட்டியதாக டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறது. இப்போது கழுத்துத் தழும்பின் ஓரம் பரு மாதிரி வீங்கி, சீழ் கசிந்து, கறுப்பாக நூல் முனை தெரிகிறது. இத்தனை நாளில் அது கரைந்திருக்க வேண்டாமா? இழுத்து எடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து இழுக்காதீர்கள். பத்து மாதத்தில் நூல் நைந்திருக்கும். இழுத்தால் வெளியே தெரிகிற துண்டு மட்டும் அறுந்து வரும், சீழுக்குக் காரணமான முடிச்சு உள்ளேயே தங்கிவிடும்.

பட்டு நூலைக் ‘கரையாத நூல்’ வகையில்தான் சேர்த்திருக்கிறார்கள். 60 நாட்களைத் தாண்டியும் இழுவலு, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் வலு, நிற்கும் என்பதே அதற்குப் பொருள். பெரும்பகுதி வலுவை அது ஓராண்டுக்குள் இழந்துவிடும். இரண்டாண்டு கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் நூலே இருக்காது.

இவ்வளவு தாமதம் ஏன்? விக்ரில் போன்ற செயற்கை நூலை உடலிலுள்ள நீரே உடைக்கிறது. அதனால் ஏறக்குறைய எல்லோருக்கும் 56 முதல் 70 நாட்களில் அது மறைந்துவிடும். பட்டு அப்படியல்ல. அது ஃபைப்ராயின் என்ற புரதம், அதை நொதிகள்தான் வெட்ட வேண்டும். அந்தப் புரதச் சங்கிலியில் தளர்வான பகுதிகளும் உண்டு, நெருக்கமாக அடுக்கிய படிகப் பகுதிகளும் உண்டு. நொதிகள் தளர்ந்த இடங்களை முதலில் வெட்டுகின்றன, படிக அடுக்குகளுக்குள் எளிதில் நுழைய முடிவதில்லை. வெட்டுப்பட்டவை கடைசியில் கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்களாகி உடலோடு சேர்ந்துவிடும். இந்த வேகம் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். ஆய்வகத்தில் பட்டைக் கரைத்து மறுபடி வார்க்கும்போது படிகப் பகுதியைக் கூட்டிக் குறைத்து, உடலில் நிற்கும் காலத்தை மாற்றுகிறார்கள். தையல் நூலில் அந்த வசதி கிடையாது.

அம்மாவுக்கு வந்திருப்பது பெரும்பாலும் நூலைச் சுற்றி உருவாகும் அழற்சிக் கட்டியாக இருக்கும். பட்டு நூல் பல இழைகளைப் பின்னிச் செய்தது. இழைகளின் இடுக்கில் கிருமி புகுந்துவிட்டால் வெள்ளணுக்களுக்கு அது எட்டாது. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வற்றி, நிறுத்தியதும் மறுபடி சீழ் பிடிப்பது இதனால்தான். மாத்திரையிலேயே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள், நூலை எடுக்க வேண்டும்.

அறுவை செய்த மருத்துவரிடமே போங்கள். எந்தக் கிருமி என்று அறிய சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, தேவைப்பட்டால் ஸ்கேனில் உள்ளே எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார். மரத்துப்போக ஊசி போட்டு, துளையைச் சற்று அகலமாக்கி, முடிச்சோடு நூலை எடுப்பார். ரத்தம் பீறிடுமோ என்று பயப்பட வேண்டாம். கட்டிய குழாய் எப்போதோ தானாக மூடி, நாராகியிருக்கும்.

அறுவை புற்றுநோய்க்காக நடந்திருந்தால், வீக்கத்துக்கு நூல்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் அவசியம். காய்ச்சல், பரவும் சிவப்பு, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பல் பிடுங்கிய இடத்தில் போடும் கறுப்புத் தையலும் பெரும்பாலும் பட்டுதான். அது கரையும் என்று காத்திருக்காமல், மருத்துவர் சொன்ன நாளில், வழக்கமாக ஒரு வாரத்தில், போய்ப் பிரித்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு இனி எந்த அறுவை நடந்தாலும், பட்டு நூலால் சீழ் வைத்ததை முன்கூட்டியே சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.