இறக்கத்தில் ஓடினால் சிறுநீர் கறுக்கிறதா?

ஹட்டனிலிருந்து எழுதிய தம்பிக்கு,

கைக்கடிகாரம் காட்டும் லாக்டேட் வரம்பு (வேகம் கூடும்போது தசை விடும் லாக்டேட் இரத்தத்தில் தேங்கத் தொடங்கும் இடம்) நாடித்துடிப்பு 172-இலிருந்து 164-க்கு இறங்கிவிட்டது, இணையத்தில் தேடினால் தசைத் தேய்வு நோய் என்று வருகிறது என மூன்று பந்தி எழுதியிருக்கிறீர்கள். நாலாவது பந்தியில் போகிற போக்கில் ஒரு வரி: போன கிழமை தோட்டத்துப் பாதையில் கீழே ஓடிய அன்று மாலை சிறுநீர் பிளேன் டீ நிறத்தில் போனது. எனக்கு அந்த ஒரு வரிதான் கடிதம்.

முதலில் உங்கள் பயம். தேய்வு நோயில் தசை ஓடாத நாட்களிலும் பெரும்பாலும் பலவீனமாகத்தான் இருக்கும். ஓடாத நாட்களில் பாடசாலைப் படிகளை இரண்டிரண்டாக ஏறுகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன?

அந்த இலக்கமும் அளந்த இலக்கம் அல்ல. ஆய்வுகூடத்தில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து லாக்டேட் பார்ப்பார்கள். ஓய்வில் லீற்றருக்கு 1 மில்லிமோல் அளவில் இருப்பது 4-ஐத் தொடும் இடத்தை வரம்பாகக் கொள்வது பழைய வழக்கம். தொடையில் மின்முனை ஒட்டி, எந்தச் சுமைக்கு மேல் தசையின் மின்சைகை நேரம் போகப் போக ஏறுகிறது என்று தேடுவது இன்னொரு முறை. உங்கள் கடிகாரம் நாடியையும் வேகத்தையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். விடியற்காலைக் குளிரில் மணிக்கட்டில் இரத்த ஓட்டம் குறைந்தாலே அதன் கணக்கு பிசகும். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வரம்புக்குக் கீழே இருக்கிறீர்கள். மூன்று சொல்லோடு மூச்சு வாங்கினால் தாண்டிவிட்டீர்கள். இந்தச் சோதனைக்குப் பற்றரி தேவையில்லை.

சரி, சிறுநீர். இறக்கத்தில் ஓடும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. நார்கள் கிழிவது ஏற்றத்தைவிட இதில்தான் அதிகம். மறுநாள் வலிப்பதும் அதனால்தான். லாக்டேட்டின் மேல் பழி போடாதீர்கள், அது ஒரு மணித்தியாலத்துக்குள் வடிந்துவிடும். நார்கள் அளவுக்கு மீறி உடைந்தால் உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரைக் கறுக்க வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் இரத்தம் என்று காட்டும், நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. உடைந்த நார்களிலிருந்து கசியும் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கும் ஆபத்து.

இந்த லட்சணத்தில் ஓடுமுன் ஒரு டைக்ளோபெனாக் வலி மாத்திரை, வலித்தால் இன்னொன்று! யார் சொன்னது? ஃபார்மசியில் கேட்டால் தருகிறார்கள் என்பது பதிலா? நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். இன்றே நிறுத்துங்கள்.

நாளைக் காலையே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய், நிறம் மாறியதையும் மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிரியேட்டின் கைனேஸ் (தசை எவ்வளவு உடைந்தது என்று காட்டும்), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும்), பொட்டாசியம், சிறுநீர் எல்லாம் பார்க்க வேண்டும். இப்போது நிறம் தெளிந்திருந்தாலும் போங்கள். மறுபடி அந்த நிறம் கண்டால், அல்லது சிறுநீர் குறைந்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். திரும்பத் திரும்ப வந்தால் பரம்பரைக் காரணங்களையும் நிபுணர் தேடுவார். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை ஓட்டம் வேண்டாம்.